வைத்தியன் சீட்டு

1986 செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் மேகம். மழை இல்லை. ஏரியில் தண்ணீர் முழங்கால் மட்டம்தான். முகத்துவாரம் பாதி மணல் மூடிக் கிடக்கிறது. படகில் உட்கார்ந்து போனதைவிட இறங்கித் தள்ளியதுதான் அதிகம். இறால் எல்லாம் பொடிசு. கொடுவா மீன் இரண்டு. இடுப்பு வலி.

மதியம் ஏரியைத் தாண்டி பழவேற்காடு டவுன், கரீம் கடை. எங்கள் குப்பத்து இறாலை வாங்குகிறவன், பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. கப்பலில் வேலை பார்க்கும் அவன் அண்ணன் லீவில் வந்து போனாராம். கரீம் மனைவி ஜுலேகாவுக்குச் சேலை, கரீமுக்கு டேப் ரெக்கார்டர், அப்புறம் யாருக்கென்றே தெரியாமல் ஒரு அட்டைப்பெட்டி. மேலே நெருப்பு கக்கும் பாம்பின் படம். உள்ளே ஆங்கிலப் புத்தகம், பென்சில், கட்டம் போட்ட தாள்கள், விதவிதமான முகம் வைத்த தாயக்கட்டைகள். இருபது முகக் கட்டை மட்டும் காணோம். கப்பலிலேயே உருண்டிருக்கும்.

"நீதான் பியூசி படிச்சவன். இன்னான்னு பாத்துச் சொல்லு பாபு" என்றான் கரீம். பியூசி பெயில் என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

புரட்டிப் பார்த்த வரை: சீட்டாட்டம் இல்லை, பரமபதமும் இல்லை. ஒருவன் கதை நடத்துவான். மற்றவர்கள் கதைக்குள் ஆளாகப் போய்ச் சண்டை போட வேண்டும். ஆளுக்கு ஒரு வேலை. ஒருத்தன் முன்னால் நின்று அடி வாங்க, ஒருத்தன் தூரத்திலிருந்து அம்பு விட, ஒருத்தன் காயம் ஆற்ற.

என் படகில் வருகிற இரண்டு பேரும் கூட இருந்தார்கள். ஏழுமலை (எங்களுக்கு ஏழு): உடம்பும் பெரிசு, வாயும் பெரிசு. தாஸ்: இரண்டும் சின்னது. அதுவரை டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்த தாஸ் தலையைத் தூக்கினான்.

"காயம் ஆத்தறவன் கீறானா? எனக்கு அது குடுங்க."

அவன் தானாக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

வெயில். காற்று செத்துப் போச்சு. வலைக்குள் நண்டு புகுந்து நாசம். மதியம் முழுக்க முடிச்சு.

சாயங்காலம் புத்தகமும் அகராதியும். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் கண் பூத்துப்போகிறது. அம்மா எட்டிப் பார்த்து, "மறுபடியும் பரீட்சை எழுதறியா நைனா?" என்றாள். ஆமாம் என்றேன். பாவம், சந்தோஷப்பட்டாள்.

எனக்குப் புரிந்த மட்டும் இங்கே:

அணியக்காரன். (படகின் முன்மூக்கு அணியம். அதனால் ஏழுமலை வைத்த பேர். நல்ல பேர்தான்.) கேடயம், கனமான கவசம். உயிர் நிறைய (உயிர் இங்கே ஒரு எண், அடி பட்டால் குறையும்), ஓட்டம் குறைவு. இடுக்கான இடத்தில் போய் நிற்க வேண்டும். தன்னைத் தாண்டி எதையும் பின்னால் விடக் கூடாது.

வில்லாள். தூரத்திலிருந்து அடி. கிட்டே வந்தால் தொலைந்தான்.

வைத்தியன். கையில் தடி உண்டு, ஆனால் அடிப்பது அவன் வேலை இல்லை. ஒரு சண்டைக்கு இரண்டே தடவை ஒருத்தனுக்குக் குறைந்த உயிரைத் திருப்பித் தரலாம், செத்தபின் முடியாது. யாருக்கு, எப்போது என்பதில்தான் அவன் சாமர்த்தியம்.

கதை நடத்துபவன் நான். பூதம், பிசாசு, திருடன் எல்லாம் நானே. நன்றாகப் பொருந்துகிறது என்றான் ஏழு.

இருபது முகக் கட்டைக்கு வழி: பழைய பவுடர் டப்பா, உள்ளே ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகள். குலுக்கி எடுத்தால் ஆச்சு.

வாங்க: நைலான் நூல், பிளேடு, அம்மாவுக்கு வெற்றிலை.

நடுவில் ஒரு பக்கம் சுத்தமாகப் புரியவில்லை. 'கதை நடத்துபவருக்கு' என்று தலைப்பு. அப்புறம் பார்க்கலாம் என்று தாண்டிவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

லேசான தூறல். வலைக்குப் போகவில்லை. கோயில் வாசலில் பாடு சீட்டு.

ஏரியில் இறால் ஓடுகிற இடம் கொஞ்சம், வலை நிறைய. அதனால் யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று சீட்டுக் குலுக்கித்தான் பிரிப்போம். அந்த முறைதான் பாடு. விழுந்தது விழுந்ததுதான். மாற்றிக்கொள்ளக் கூடாது, இன்னொருத்தனுக்குக் கொடுக்கவும் கூடாது. கொடுக்கலாம் என்று ஆரம்பித்தால், வாய் இருக்கிறவன் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுவான். பக்கத்துக் குப்பத்தில் அப்படி ஆரம்பித்து அரிவாளில் போய் நின்றது.

எங்களுக்கு நடு இடம். பரவாயில்லை. நல்ல இடம் என்றால் வடக்குப் பாடு. விழுந்தது சங்கர் பேருக்கு. அவன் ஊரிலேயே இல்லை, சென்னையில் விசைப்படகுக்குப் போய் மாசக் கணக்காகிறது. ஊரில் இல்லாதவன் பேருக்கும் சீட்டு எழுதுவோம், அவனுக்காக வேறு யாராவது எடுப்பார்கள். இனி அவன் முறை வரும்போதெல்லாம் வடக்குப் பாடு சும்மா கிடக்கும். அங்கே ஒருத்தனும் வலை இறக்க மாட்டான்.

ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. "வராத மவராசனுக்கு வடக்குப் பாடு, எனக்குச் சேறா? அவன் பேரை எடுத்துடுங்களேன்!"

ஊர்த் தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எடுத்துட்டா அவன் இந்த ஊரு ஆளே இல்லன்னு அர்த்தம். நாளைக்கு வந்து நின்னான்னா நீ பதில் சொல்றியா?" என்றார்.

எனக்கும் எரிச்சல்தான். ஆனால் தலைவர் சொன்னதில் தப்பு இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

முதல் ஆட்டம். ஜும்மா முடிந்து கடை மூடியதும் கரீமின் பின்னறை. இறால் கூடைகளைத் தள்ளி வைத்து நடுவில் பலகை. கருவாட்டு நாற்றத்துக்கு ஊதுபத்தி. ஜுலேகா உள்கதவுத் திரைக்குப் பின்னால். டீ வருகிறது, கூடவே அபிப்பிராயமும் வருகிறது.

யாருக்கு எந்த வேலை? புத்தகத்தில் 'அவரவர் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம்' என்று இருந்ததைப் படித்தேன்.

ஏழு சிரித்தான். "இன்னாடா இது, கேட்டா குடுத்துடுவானா? வெள்ளைக்காரன் பாடு பாத்ததே இல்ல போல."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மூன்று சீட்டு எழுதி டப்பாவில் போட்டேன். பிரித்தபின் மாற்றக் கூடாது என்று நானே பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். தாஸ் ஞாயிற்றுக்கிழமையே கேட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் சொன்னேன்.

விழுந்தது: கரீம் வில்லாள். ஏழுமலை வைத்தியன். தாஸ் அணியக்காரன்.

ஏழு தலையில் அடித்துக்கொண்டான். "நான் கம்பவுண்டரா? இந்த உடம்ப வெச்சினு ஊசி போடறதா?" தாஸ் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

திரைக்குள்ளிருந்து ஜுலேகா: "அண்ணே, அவருதான் வாய விட்டுக் கேட்டாரே. ஆசப்பட்டவருக்குக் குடுத்தா இன்னா கொறஞ்சு போவுது?"

"சீட்டு சீட்டுதான் தங்கச்சி" என்றேன்.

ஆட்டம் நன்றாகவே போனது. குகை வாசல், மூன்று திருடர்கள். ஏழு வைத்தியம் பார்க்காமல் தடியைச் சுழற்றிக்கொண்டு முன்னால் ஓடுகிறான். தாஸ் அவனுக்கும் சேர்த்து அடி வாங்குகிறான். கரீம் ஒரு அம்பு சரியாகப் போனால் கடை அதிர விசில் அடிக்கிறான். நான்கு ஆம்பிளைகள் இந்த வயசில். யாராவது பார்த்தால் மானம் போகும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மேற்கத்திக் காற்று. இறால் சுமார். ஏழு காய்ச்சல் என்று வரவில்லை (காய்ச்சலாம்! டவுனில் வீடியோவில் படம் போடுகிறார்கள்). நானும் தாஸும் மட்டும்.

திரும்பும்போது தாஸ் கழி ஊன்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"மச்சான், அந்த வைத்தியன் சீட்ட நான் எடுத்துக்கவா? ஏழுகிட்ட கேட்டேன். தாராளமா எடுத்துக்கோன்னுட்டான். நீ சரின்னா போதும்."

ஏன்டா அதிலேயே நிற்கிறாய் என்றேன். சொன்னான்.

போன ஐப்பசி. ராணிக்கு, அவன் மனைவிக்கு, நாள் ஆகுமுன்னே வலி வந்துவிட்டது. இதே படகில்தான் அக்கரைக்குக் கொண்டுபோனோம். அன்றைக்கும் தண்ணீர் இல்லை. நானும் ஏழுவும் சேற்றில் இறங்கித் தள்ளினோம். தாஸ் உள்ளே. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததில் ராணி பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அதைப் பேசியதில்லை.

"நீங்க ரெண்டு பேரும் தள்ளினீங்க. எனக்கு இன்னா வேலை இருந்துது சொல்லு? அவ கையப் புடிச்சினு சும்மா உக்காந்துனு இருந்தேன். ஒரு தபா, வெளையாட்டுக்காவது, என் கையால ஒருத்தன் பொழைக்கட்டுமே."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எடுத்துக்கோடா என்று ஒரு வார்த்தை. சொன்னது இது: "சீட்டு விழுந்துடுச்சேடா. ஒரு தபா மாத்தினா அப்பால ஒவ்வொருத்தனும் கேப்பான்."

யார் கேட்பான்? இருப்பதே மூன்று பேர். அதில் இரண்டு பேர் சம்மதம். நாட்டாமை எனக்கு யார் கொடுத்தது?

அவன் "சரி" என்று கழியை எடுத்துக்கொண்டான். ராணிக்கு இப்போது மறுபடி ஏழாம் மாசம்.

செப்டம்பர் 24, புதன்

எங்கள் பாடு. நல்ல இறால், ஒரு கூடை நிறைய. கரீம் எடை போடும்போது வில்லாளுக்கு இரண்டு அம்பு அதிகம் கொடு என்று லஞ்சம் பேசினான். தாஸ் சிரித்தான். மனசு கொஞ்சம் லேசானது.

செருப்பு வார் அறுந்தது. வெற்றிலை மறந்துவிட்டேன், அம்மாவிடம் திட்டு.

செப்டம்பர் 26, வெள்ளி

புழுக்கம். கரீமின் பின்னறையில் மின்விசிறி நின்றுவிட்டது, கரண்ட் இல்லை. கதவைத் திறந்து வைத்து ஆட்டம்.

தாஸ் செத்துப்போனான். ஆட்டத்தில்தான்.

வரிசையாக எழுதுகிறேன். குகைக்குள் ஒரு இடுக்கு, ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய அகலம். எதிரே ஆளுயர நண்டுகள் (புத்தகத்தில் வேறு ஏதோ இருந்தது, வாயில் நுழையாததால் நண்டு ஆக்கினேன்). தாஸ் இடுக்கில் நின்றான். பின்னால் கரீமும் ஏழுவும். ஏழு சும்மா நிற்பானா? ஆரம்பத்திலேயே தாஸின் தோளுக்கு மேலே தடியை நீட்டி ஒரு நண்டை அடித்து, அது திரும்பக் கிள்ளி, காயம். முதல் வைத்தியத்தைத் தனக்கே போட்டுக்கொண்டான். மீதி ஒன்று.

தாஸுக்கு உயிர் கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு அடிதான் தாங்கும் என்கிற நிலை. நான் கேட்டேன், "தாஸ், ஓடலாம். வழி கீது. ஓடறியா?"

"பின்னாடி கரீம் கீறான்ல. நான் போனா அவன் காலி" என்றான். பிறகு ஏழுவைத் திரும்பிப் பார்த்தான். கேட்கவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

ஏழுவின் முறை. அவனுக்கு மறுபடி ஒரு சின்னக் கிள்ளு பட்டிருந்தது. "எனக்கும்தான் அடி. எனக்கே போட்டுக்கறேன். அடுத்து நான் ஒரு சாத்து சாத்தறேன் பாரு!"

திரைக்குள்ளிருந்து ஜுலேகா சத்தம் போட்டாள். "அடப்பாவி மனுஷா, முன்னாடி நிக்கறவருக்குக் குடுங்க!"

"சொல்லிட்டேன் தங்கச்சி, சொன்னது சொன்னதுதான்" என்று இளித்தான் ஏழு.

நண்டின் முறை. பதினாறு அல்லது அதற்கு மேல் வந்தால் தாஸுக்குப் படும். டப்பாவைக் குலுக்கி எடுத்தேன். எனக்கு முன்னால் பெட்டியோடு வந்த அட்டை மறைப்பு, சீட்டு என் கண்ணுக்கு மட்டும்தான். பதினேழு. பதினொன்று என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. பதினேழு என்றேன்.

கரீம் கடைசி அம்பில் மிச்சமிருந்த அந்த ஒரு நண்டையும் தீர்த்தான். தாஸ் அத்தனை நேரம் நின்றதால்தான் அவனுக்கு அந்த அம்பு கிடைத்தது. ஏழு கைதட்டினான். "ஜெயிச்சாச்சு! தாஸுக்கு ஒரு மாலை வாங்கிப் போடுங்கப்பா!"

கரீம்கூடச் சிரித்துவிட்டான். தாஸும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டான். டீ கிளாஸ்களைப் பொறுக்கித் திரைக்குப் பக்கத்தில் வைத்தான். தன் ஆளின் கணக்கு எழுதிய தாளை என் முன்னால் வைத்துவிட்டு, "வரேன்" என்று போனான். படகுக்குக்கூட எங்களுக்காக நிற்கவில்லை, வேறு யாரோடோ ஏரி தாண்டியிருக்கிறான்.

செப்டம்பர் 27, சனி

தாஸ் வலைக்கு வரவில்லை. சொல்லி அனுப்பவும் இல்லை. மூன்று பேர் இழுக்கிற வலையை இரண்டு பேர் இழுத்தால் என்ன ஆகும்? பாதி இறால் கீழே போச்சு.

ஏழுவோடு சண்டை. "ஒரு தபா அவனுக்குப் போட்டிருந்தா உன் சொத்தா போயிருக்கும்?" என்றேன்.

"ஏய், வெளையாட்டுடா அது! நீயே எழுதற நண்டு, நீயே எடுக்கற நம்பரு. என்னைக் கேக்க வந்துட்டான். சீட்ட மாத்தக் கூடாதுன்னு உதார் விட்டது யாரு? நான் அன்னிக்கே குடுத்துடறேன்னு சொன்னனே!"

அந்தக் கஸ்மாலம் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

செப்டம்பர் 29, திங்கள்

தாஸ் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை, டவுனுக்குப் போயிருந்தான். ராணி பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள். குனிய முடியாமல் குனிந்து. நான் வாங்கிக் கட்டினேன்.

மீஞ்சூருக்குப் போகிறார்களாம். அவள் அண்ணன் அங்கே கம்பெனியில் வேலை, தாஸுக்கும் சொல்லி வைத்திருக்கிறான். ராணியின் அம்மாவும் அங்கேதான்.

"ரெண்டு மாசமா கெஞ்சினு இருந்தேண்ணா. ஏரிய விட்டு வர மாட்டேன், பாபுவ விட்டு வர மாட்டேன்னு ஒரே புடியா இருந்தாரு. வெள்ளிக்கெழம வந்தாரு, சட்டையக் கூடக் கழட்டல, சரி ராணி போலாம்னாரு. இன்னா ஆச்சோ, நான் கேக்கல. கேட்டா மனசு மாறிடப் போவுதுன்னு பயம்."

வெள்ளிக்கிழமை.

கோணி வாயை நன்றாக முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன். வருகிற வழியில் கருவேல முள் ஏறியது. இன்னும் எடுக்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

காற்று திரும்புகிறது. வடக்கே மின்னல்.

ஏழு காலையில் எனக்கு முன்னால் வந்து, தாஸ் பக்கத்து வலையையும் சேர்த்து இழுத்தான். தாஸ் ஊரை விட்டுப் போவது அவனுக்கும் தெரிந்துவிட்டது.

புத்தகத்தை மறுபடி எடுத்தேன். செத்தவனை எழுப்ப வழி இருக்கிறதா என்று தேட. இருக்கிறது. பெரிய கோயில், பெரிய பூசாரி, இத்தியாதி. ஆனால் அதைத் தேடும்போதுதான் அன்று தாண்டிப்போன பக்கம் கண்ணில் பட்டது. 'கதை நடத்துபவருக்கு.' அகராதியை வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகப் பிரித்தேன். சாராம்சம்: எண் உனக்கு எஜமான் இல்லை. ஆட்டக்காரர்களின் சந்தோஷம் கெடும் என்று தோன்றினால் நீ எண்ணை மாற்றிச் சொல்லலாம். விதியையும் மாற்றலாம். அதற்காகத்தான் உன் முன்னால் அந்த மறைப்பு.

அதற்காகத்தான் அந்த மறைப்பு! நான் அதை முகத்தை மறைக்க என்று நினைத்தேன்.

அந்தப் பக்கத்தை அன்றே படித்திருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. பாடு பார்த்தே வளர்ந்தவன். எடுத்த சீட்டை வேறு மாதிரி வாசிப்பதற்கு எங்கள் ஊரில் ஒரே பேர்தான், திருட்டு. ஆனால் பாடு சீட்டில் வயிற்றுப்பாடு இருக்கிறது. இதில் என்ன இருந்தது? ஒரு மனுஷன் ஆசைப்பட்டுக் கேட்டதுதானே இருந்தது.

புதுத் தாள் எடுத்து எழுதினேன். பேர்: தாஸ். வேலை: வைத்தியன். ஒரு சண்டைக்கு நான்கு தடவை (இரண்டு நானாகச் சேர்த்தது). நாளைக் காலை பஸ். கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 2, வியாழன்

மழை வரும் போல இருந்து வரவில்லை.

எங்கள் படகிலேயே தாஸையும் ராணியையும் அக்கரைக்குக் கொண்டுபோனோம். ஏழு வழி முழுக்கத் தண்ணீரில் இறங்கித் தள்ளினான். தேவையே இல்லை, இன்று கடல் ஏற்றத்தில் தண்ணீர் இருந்தது. ராணி, "ஏறுங்கண்ணா" என்று இரண்டு தரம் சொன்னாள். கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஏழு கோணிகளை மேலே ஏற்றினான். இறங்கி வந்து தாஸ் முன்னால் நின்று, "தப்பாயிடுச்சுடா" என்றான். தாஸ் அவன் தோளில் தட்டினான். ஏழு அந்தப் பக்கமாகப் போய் வேர்க்கடலை விற்பவளிடம் அநியாயத்துக்கு விலை பேச ஆரம்பித்தான்.

"கோவமாடா?" என்று கேட்டேன்.

"இல்ல மச்சான். வெளையாட்டுல செத்ததுக்கா எவனாவது ஊர விட்டுப் போவான்?"

"பின்னே?"

"அணியத்துல நின்னேன் பாரு, அப்போதான் தெரிஞ்சுது. பின்னாடி ஒருத்தன் கை கீதுன்னு நம்பித்தான் நிக்கறோம். திரும்பிப் பாத்தேன், கை இல்ல. வெறும் வெளையாட்டு, அதுலயே எனக்கு ராணி ஞாபகம் வந்துடுச்சு. ராணி அன்னிக்கு அப்படித்தானே என்னத் திரும்பித் திரும்பிப் பாத்தா. இன்னொரு தபா அவள அப்படி நிக்க வெக்க மாட்டேன். ஆஸ்பத்திரி நடந்து போற தூரத்துல இருக்கணும். அவ்ளோதான்."

அதற்கு மேல் போகாதே என்று எப்படிச் சொல்ல? அவன் போவது சரி. சரி என்று தெரிந்தும் மனசு ஒப்பவில்லை. என் படகில் என்னோடு பத்து வருஷம் நின்றவன்.

தாளை எடுத்து நீட்டினேன். ஒவ்வொரு வரியாகப் படித்தான். 'வைத்தியன்' என்ற இடத்தில் விரலை வைத்தான்.

"சீட்டு போட்டீங்களா?"

"இல்ல. நானே எழுதினேன். விதிய மாத்தலாம்னு புஸ்தகத்துலயே கீதுடா."

மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். முகத்தில் கோபம் இல்லை.

"வேணாம் மச்சான். சும்மா குடுத்தா நல்லா இருக்காது. சீட்டுல வந்துதுன்னா சொல்லு, வாங்கிக்கறேன்."

கண்டக்டர் விசில். ராணி ஜன்னலிலிருந்து கை காட்டினாள். திருப்பாலைவனம் ரோட்டில் பஸ் திரும்பும் வரை நின்றோம். ஏழு வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தான். ஜன்னல் வழியாகக் கொடுக்க வாங்கினானாம், மறந்துவிட்டானாம்.

அக்டோபர் 3, வெள்ளி

காலையிலிருந்து மழை, விட்டு விட்டு. முகத்துவாரம் திறந்துவிடும் என்கிறார்கள். இனி ஏரியில் தண்ணீர் ஏறும்.

ஆட்டம் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கரீம் ஆள் அனுப்பினான். போனால் பலகை போட்டிருக்கிறது, டீ தயார். ஏழு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறான். ஆட்டத்தில் பழைய ஆட்கள் வேண்டாம், புதுசாக ஆரம்பிப்போம், வேலைக்கு மறுபடி சீட்டு என்று முடிவு.

"புஸ்தகத்துல அவங்கவங்க இஷ்டம்னு கீது. சீட்டு வேணாமே" என்றேன். இத்தனைக்கும் பிறகு எனக்குச் சீட்டு என்றாலே கசப்பு.

"இல்ல, போடு" என்றான் ஏழு.

"ரெண்டு பேருக்கா, மூணு பேருக்கா?" கரீம் கேட்டான். கேட்டுவிட்டு யாரையும் பார்க்கவில்லை. டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

சங்கருக்கு வடக்குப் பாடு விழுந்தபோது பேரை எடு என்று கத்தியவன் ஏழுமலைதான். அதே ஏழுமலை சொன்னான்: "தாஸுக்கும் எழுது. எடுத்துட்டா அவன் இல்லன்னு ஆயிடும்."

மூன்று சீட்டு எழுதினேன். கரீம் எடுத்தான்: வில்லாள். ஏழு எடுத்தான்: அணியக்காரன். பிரித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். தாஸுக்காக யார் எடுப்பது? திரை விலகி ஜுலேகாவின் கை மட்டும் நீண்டது. டப்பாவில் கடைசி ஒரு சீட்டு. அது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் எடுத்துப் பிரித்து, வாய்விட்டுப் படித்தாள்.

"வைத்தியன்."

வெளியே மழை பலத்தது.

சீட்டில் வந்தால் சொல்லு என்றான். வந்துவிட்டது. எங்கே போய்ச் சொல்ல? மீஞ்சூரில் எந்தத் தெரு என்றுகூடக் கேட்காமல் பஸ் ஏற்றிவிட்டேன்.

வேறு யாராவது அந்தச் சீட்டை வைத்து ஆடலாமா என்ற பேச்சே எழவில்லை. தாஸ் உட்காரும் பலகையில் அவன் தாளை வைத்து, பறக்காமல் இருக்க மேலே டீ கிளாஸைக் கவிழ்த்தேன். நாலு தடவை என்று இருந்ததை அடித்து இரண்டு என்று எழுதினேன். ஜுலேகா அந்தப் பலகைக்கும் சேர்த்தே டீ அனுப்பினாள். கரீம் இரண்டையும் குடித்தான்.

வைத்தியன் இல்லாமல் இரண்டு பேரும் குகைக்குள் போனார்கள். ஏழு முன்னால். இன்று தடியைச் சுழற்றவில்லை, வாயும் அடக்கம். இடுக்கில் போய், கேடயத்தை ஊன்றி, நின்றான். முதல் நண்டு. சீட்டு பதினெட்டு. நல்ல அடி.

எண்ணை மாற்றிச் சொல்லலாம் என்று இப்போது எனக்குத் தெரியும். வாய் வரை வந்தது. ஏழு தலையை ஆட்டினான். "உள்ளத சொல்லு பாபு." சொன்னேன்.

அடி வாங்கியதும் ஏழு பழக்கத்தில் பின்னால் திரும்பினான். அங்கே பலகை, தாள், கவிழ்த்த கிளாஸ். முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாளை எங்கள் பாடு. ஆள் இரண்டு.